நம்ம பெயர் ஜப்பானியர் காதில் என்னவாக விழும்? கத்தகானா எழுதும் முன் ஒரு இழை

#1 கரையோரன்

வேலைக்கோ படிப்புக்கோ ஜப்பான் போனால் முதல் வாரத்திலேயே 'ஃபுரிகானா' என்று ஒரு கட்டம் போட்ட படிவம் கைக்கு வரும். பெயரைக் கத்தகானாவில், அதாவது வெளிநாட்டுச் சொற்களை எழுதும் ஜப்பானிய ஒலியெழுத்தில், எழுதச் சொல்லும் கட்டம் அது. பலர் "நீங்களே எழுதிடுங்க" என்று அலுவலரிடமே நீட்டிவிடுகிறார்கள். அவர் பாஸ்போர்ட்டின் ரோமன் எழுத்தைப் பார்த்து ஊகத்தில் எழுதுகிறார். அப்படித்தான் கவிதா 'கபித' ஆகிறார். 'கபி' என்றால் பூசணம். 'கபித' என்றால் 'பூசணம் பிடித்துவிட்டது'.

எந்தப் பெயர் எந்தச் சொல்லில் போய் முட்டும், எப்படி எழுதினால் தப்பும், பிறகு மாற்ற முடியுமா? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். தமிழ்ப் பெயர் என்றில்லை, எந்த ஊர்ப் பெயரானாலும் சரி.

#2 அரைமாத்திரை

பட்டியலுக்கு முன் விதி. விதி தெரிந்தால் பட்டியலை அவரவரே போட்டுக்கொள்ளலாம்.

ஜப்பானிய மொழி மாத்திரைக் கணக்கில் ஓடுகிற மொழி. குறில் ஒன்று, நெடில் இரண்டு, அதில் நமக்கும் அவர்களுக்கும் பேதமில்லை. மெய்யில்தான் வேறுபாடு: நமக்கு அரை மாத்திரை, அவர்களுக்கு 'ன்' வந்தாலும் ஒற்று இரட்டித்தாலும் முழு ஒன்று. நெடிலைக் கத்தகானாவில் ஒரு கோடு போட்டுக் காட்டுவார்கள். அந்தக் கோடு இருக்கிறதா இல்லையா என்பதில்தான் பாதிப் பெயர்களின் தலையெழுத்து இருக்கிறது.

சொல் 'ன்' தவிர வேறு மெய்யில் முடியாது. அதனால் பின்னால் ஒரு உயிர் ஒட்டும்: பெரும்பாலும் உ, ட்/த் வந்தால் ஒ, ச்/ஜ் வந்தால் இ. ல, ர, ற, ள நான்கும் ஒரே 'ர' வரிசையில் அடங்கும். 'ஸி' கிடையாது, 'ஷி'தான். 'து' பழைய வழக்கில் 'ட்சு' ஆகும். 'வ' என்பது 'ப' ஆகும் ('பந்து'வின் ப இல்லை, வெடிகுண்டைச் சொல்லும் 'பாம்'-இல் வரும் ப). 1991-இல் வந்த அமைச்சரவை அறிவிப்பு 'டி', 'டு', 'வ' ஒலிகளுக்குத் தனி எழுத்துக் கூட்டுகளை ஏற்றுக்கொண்டது. ஆகவே 'வி' என்று எழுத வழி இருக்கிறது. ஆனால் 2019-இல் அரசே நாட்டுப் பெயர்களில் இருந்து 'வ' எழுத்தை எடுத்துவிட்டது. கேப் வெர்டே இப்போது அரசு ஆவணங்களில் 'காபொபெருதெ'.

இன்னொன்று. ரோமன் எழுத்தில் நாம் நெடிலைக் காட்டுவதில்லை. மாலாவும் மலாவும் அங்கே ஒன்றுதான். அலுவலர் அதைப் பார்த்து எழுதும்போது நெடில் எல்லாம் குறிலாகிவிடும். விபத்தின் பிறப்பிடம் அதுதான்.

(ஜப்பானியச் சொற்களை இங்கே மாத்திரைப்படியே எழுதுகிறேன். 'கர' என்றால் இரண்டு குறில்தான், 'கரா' என்று நீட்டிப் படிக்க வேண்டாம்.)

#3 நிராகீரை

சரி, பட்டியல் நான் போடுகிறேன். அபாய வரிசையில்.

மாலா. ரோமனைப் பார்த்து எழுதினால் 'மர'. ஆண்குறிக்கான கொச்சைச் சொல் அது. தியானத்தைக் கெடுக்க வந்த மாரனின் பெயர்தான் பௌத்தத் துறவிகள் வழியாக அங்கே போய் இந்தப் பொருளில் நின்றது. தமிழில் சொல்கிறபடியே இரண்டையும் நீட்டி 'மாரா' என்று எழுதினால் மாலர் என்ற இசையமைப்பாளரின் பெயராகிவிடும். ஜப்பானில் அவரைத் தெரியாதவர் குறைவு. இந்தப் பெயருக்கு நீட்டல் கோடு கட்டாயம்.

சின்னசாமி, சின்னத்துரை வகை. பாஸ்போர்ட்டில் 'சி' பெரும்பாலும் 'ச்சி' ஒலிக்கான எழுத்தில் இருக்கும். அப்படியே எடுத்தால் 'ச்சின்-'. மைக்ரோவேவ் அடுப்பு மணியடிக்கும் சத்தம் 'ச்சின்', அதில் சூடாக்குவதே 'ச்சின் சுரு'. அதோடு நின்றால் பரவாயில்லை, சிறுவர் பேச்சில் இதுவும் ஆண்குறிதான். இத்தாலியர் கோப்பையைத் தட்டிச் சொல்லும் வாழ்த்தும் இதே வம்பில் மாட்டும். 'ஷின்ன-' என்று தொடங்குங்கள். ஆனால் 'ஷின்னா' என்று நீட்டி நிறுத்தாதீர்கள், அது பெயிண்டில் கலக்கும் தின்னர்.

ஹேமா: 'ஹெம' என்றால் சொதப்பல். 'ஹெம செய்தான்' என்றால் காரியத்தைக் கெடுத்தான். 'ஹேமா' என்று நீட்டினால் பிரச்சினை இல்லை.

குரு: 'குரு' என்றால் திருட்டுத்தனத்தில் கூட்டாளி. ஸ்ரீ: 'சுரி' என்று எழுதினால் ஜேப்படித் திருடன். ரயில் நிலையங்களில் 'சுரி ஜாக்கிரதை' என்றே எழுதி வைத்திருப்பார்கள். ஸ்ரீனிவாசன், ஸ்ரீதேவி எல்லாரும் 'ஷுரி' என்று தொடங்கிக்கொள்ளுங்கள். இந்தியப் பெயர் தெரிந்த மொழிபெயர்ப்பாளர்கள் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

மற்றவை சிரிப்புக்கு. நிலா 'நிர' ஆனால் ஒரு கீரை: ஜப்பானிய கியோசாவில் பொடியாக நறுக்கிப் போடும் பூண்டு வாசனைத் தழை. தாரா 'தர' ஆனால் காட் மீன். கனி நண்டு. பாலா 'பர' ஆனால் ரோஜா, அதிர்ஷ்டசாலி. தேவா 'தெப' ஆனால் மீன் வெட்டும் கனத்த கத்தி. கலா 'கர' ஆனால் வெறுமை. கராத்தே, கரோக்கேயில் இருக்கிறதே, அந்த 'கர'. கடைசியை நீட்டி 'கரா' என்றால் சட்டைக் காலரும் வண்ணமும். ராஜாவைக் குறுக்கி 'ரஜா' என்றால் வயர்லெஸ்ஸில் சொல்லும் 'ரோஜர்!'. கீதாவில் முதல் நெடிலை விட்டுவிட்டால் கிட்டார். குமார், குமரன், குமரேசன் எல்லாரும் 'கும'வில் தொடங்குகிறார்கள், அது கரடி. சிவா 'ஷிப' ஆனால் நாய் இனம். சரியாகச் சொன்னால் 'ஷிப' சுள்ளி விறகு, நாய்க்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

அகிலா என்று பெண் குழந்தைக்கு வைத்தால் அங்கே 'அகிர' ஆகிவிடும். அசல் ஜப்பானிய ஆண் பெயர். மாரிமுத்துவை 'மரி' என்று சுருக்கினால் பெண் பெயர். இதில் கேலி ஒன்றும் கிடையாது. ஆனால் நேரில் பார்க்காமல் மின்னஞ்சலில் மட்டும் பேசுகிறவர்கள் ஆளை மாற்றி நினைத்துக்கொள்வார்கள்.

#4 வெட்டிப்பேச்சு

கொஞ்சம் பெரிதுபடுத்துகிறீர்களோ? 'உம' என்றால் குதிரை என்பதால் உமாவைப் பார்த்து யாரும் குதிரை என்று நினைக்கப்போவதில்லை. பெயர் என்று தெரிந்துதானே கேட்கிறார்கள். நம்ம ஊரில் ஜப்பானியர் ஒருவர் 'நாய்' என்று ஒலிக்கும் பெயரோடு வந்தால் இரண்டாவது நாள் பழகிவிடும். தவிர ஜப்பானியர் பெயர்களே அப்படித்தான். 1932-இல் கொல்லப்பட்ட பிரதமர் இனுகாய், பெயரிலேயே 'நாய் வளர்ப்பவர்'. 'பாபா' என்ற குடும்பப் பெயரில் ஒரு குதிரை நிற்கிறது.

#5 அரைமாத்திரை

பாதி சரி. பேச்சில் காப்பாற்றுவது சுரம். தோக்கியோ வழக்கில் குதிரை என்ற 'உம' தாழ்ந்து தொடங்கி இரண்டாம் மாத்திரையில் ஏறும். ஆள் பெயரான உமா முதல் மாத்திரையில் உயர்ந்து இறங்கும். சாரா என்ற மேனாட்டுப் பெயரும் தட்டு என்ற 'சர'வும் இப்படித்தான் பிரிகின்றன: தட்டு சமமாகப் போகும், பெயர் முதலில் உயரும். நண்டும் கனியும் அதே கதை. குறும் வெளிநாட்டுப் பெயர்களுக்கு முதல் மாத்திரையில் உயர்த்துவது அவர்களுக்குத் தானாக வரும்.

எல்லா இடத்திலும் சுரம் காப்பாற்றாது. 'ஹரி' என்றால் ஊசி, அதுவும் முதலில் உயர்கிற சொல்தான். ஆகவே ஹரியும் ஊசியும் காதுக்கு முழுக்க ஒன்று. அக்குபங்சர் கடைப் பலகையில் பெரிதாக 'ஹரி' என்று எழுதியிருக்கும். அருண் இன்னும் வேடிக்கை. அறிமுகத்தில் "அருன் தெசு" என்றால், "அரு ன் தெசு", அதாவது "இருக்கிறதுங்க" என்று விழும். எது இருக்கிறது என்று எதிரில் இருப்பவர் ஒரு நொடி காத்திருப்பார். நந்தா 'நன்தா' ஆனால் "என்னது?". தொலைபேசியில் இவை இரண்டும் நிஜமாகவே குழப்பும். பரிகாரம் எளிது: வெறும் பெயரைச் சொல்லாமல் முன்னால் நிறுவனப் பெயர், பின்னால் 'தோ மோஷிமாசு' சேர்த்தால் பெயர் என்று விளங்கிவிடும்.

எழுத்தில் சுரம் இல்லை. கத்தகானாவில் எழுதினாலே வெளிநாட்டுச் சொல் என்று தெரியும் என்பார்கள். ஆனால் விலங்கு, மீன், காய்கறிப் பெயர்களையும் கத்தகானாவில்தான் வழக்கமாக எழுதுகிறார்கள். நண்டு, காட் மீன், நிரா கீரை மூன்றும் மார்க்கெட்டில் அதே எழுத்தில் தொங்கும்.

#6 மூன்றாம் ஸ்ட்ரைக்

பிரபலங்கள் பெயரைப் பார்த்தால் ஜப்பானியரே இதை எவ்வளவு கவனிக்கிறார்கள் என்று தெரியும்.

ஹாலிவுட் நடிகை உமா தர்மன் ஜப்பானில் 'யும சாமன்'. 'உ' எழுத்து அவர்களிடம் இல்லாமல் இல்லை, வேண்டுமென்றேதான் 'யு' போட்டார்கள் என்று சொல்வார்கள்.

பேஸ்பால்: ராண்டி பாஸ் 1983-இல் ஹான்ஷின் அணிக்கு வந்தார். ஒலிப்படி எழுதினால் 'பசு', அதாவது பேருந்து. ஹான்ஷின் குழுமம் ரயிலும் பேருந்தும் ஓட்டுகிற குழுமம். அவர் சரியாக ஆடாத நாளில் 'ஹான்ஷின் பஸ் பழுது' என்று பத்திரிகைகள் தலைப்புப் போடும் என்றுதான் நடுவில் கோடு சேர்த்து 'பாசு' என்று பதிந்தார்கள் என்பது அங்கே எல்லாரும் சொல்லும் கதை. 1985, 1986 இரண்டு ஆண்டும் மும்மகுடம் (மட்டையாட்டத்தின் மூன்று முதலிடங்களும்) வென்றார், தலைப்புக்கு அவசியமே வரவில்லை. கோடு மட்டும் நிலைத்துவிட்டது.

பின்லாந்துக்காரர்கள் பாவம். 1991 முதல் 1995 வரை அங்கே பிரதமராக இருந்தவர் எஸ்கோ அஹோ. 'அஹோ' என்றால் முட்டாள், அதுவும் ஒசாகா பக்கம் தினசரி வாயில் வரும் சொல். செய்தி வாசிப்பவர் 'பிரதமர் அஹோ' என்று முகம் மாறாமல் சொல்லியாக வேண்டும். பனிச்சறுக்குத் தாண்டல் வீரர் யன்னே அஹோனன் அதற்கும் மேல்: ஒசாகா வழக்கில் வாக்கியத்தை '-னென்' என்று முடிப்பார்கள், ஆகவே 'அஹோனென்' என்பது 'நான் முட்டாள்தாம்ப்பா' மாதிரி விழும். 1998 நகானோ ஒலிம்பிக்கில் அவர் ஜப்பானிய மண்ணிலேயே தாண்டினார். பெயரை யாரும் மாற்றவில்லை. 2023-இல் கவசாகி கால்பந்து அணிக்கு வந்த கோமிஸ் பெயரில் 'கொமி' இருக்கிறது, குப்பை. அதையும் மாற்றவில்லை.

ஊர்ப் பெயர்களும் உண்டு. நெதர்லாந்தின் ஸ்கெவெனிங்கன் கடற்கரையை 'சுகெபெ நின்கென்' என்று படித்தால் 'காமாந்தக மனிதன்'. பாலித் தீவின் கிந்தாமணியில் 'கின்தம' வருகிறது, விரை. வரைபடத்தில் 'ம'வை நீட்டி எழுதிக் கொஞ்சம் சமாளிக்கிறார்கள்.

#7 பட்டாணி

சாதாரண ஆங்கிலப் பெயர்கள்?

#8 மூன்றாம் ஸ்ட்ரைக்

மைக் ஒலிவாங்கி, ஜிம் உடற்பயிற்சிக்கூடம், பாப் முடிவெட்டு, மார்க் அடையாளக் குறி. இவை ஆங்கிலத்தில் இருந்தே ஜப்பானியத்துக்குப் போன சொற்கள் என்பதால் சிரிக்க ஒன்றுமில்லை. பென் கொஞ்சம் தொல்லை: மருத்துவமனையில் 'பென்' என்றால் மலம். கேரி இன்னும் மோசம், 'கெரி' வயிற்றுப்போக்கு. நல்லவேளை, அதை 'கெய்ரீ' என்று நீட்டி எழுதுவது வழக்கம். அன்னா என்ற ஐரோப்பியப் பெயர் 'அன்ன' ஆகும், 'அந்த மாதிரியான' என்று பொருள்.

எம்மா எனக்குப் பிடித்தது. 'எம' என்று எழுதினால் ஷின்டோ கோயிலில் வேண்டுதல் எழுதித் தொங்கவிடும் மரப்பலகை. எழுத்தில் இரண்டு ம் இருக்கிறதே என்று 'என்ம' என்று எழுதினால் நரகத்தின் அரசன். நம்ம எமனேதான் அவர். 'யம' சீனம் வழியாகப் போய் 'என்ம' ஆனது.

#9 பனியன்

சத்யன் என்ற பெயருக்கு என்ன செய்யலாம்? 'சதியன்' என்று எழுதித் தந்திருக்கிறார்கள். அகராதியில் தேடினால் மோசமான பொருள் எதுவும் வரவில்லை.

#10 நிராகீரை

அகராதியில் வராது, செய்தியில் வரும். ஓம் ஷின்ரிக்யோ என்ற மதக் குழு ஃபுஜி மலையடிவாரத்தில் கட்டிய தன் கட்டடங்களுக்கு 'சத்ய' என்ற சமஸ்கிருதச் சொல்லில் இருந்து 'சதியன்' என்று பெயர் வைத்து எண் போட்டது. 1995-இல் தோக்கியோ சுரங்க ரயிலில் சரின் நச்சை வீசியது இந்தக் குழுதான். அவர்களுடைய சரின் ஆலை இருந்தது ஏழாம் எண் சதியனில். அப்போது பல மாதம் எல்லாத் தொலைக்காட்சியிலும் இந்தச் சொல்தான். நடுவயதைத் தாண்டிய ஜப்பானியருக்கு இதைக் கேட்டதும் வேறு எதுவும் நினைவுக்கு வராது.

தீர்வு: 'டி' ஒலிக்கான கூட்டெழுத்துக்குப் பின் 'ய' போட்டு 'சாட்டியன்' போல முதல் எழுத்தையும் நீட்டி எழுதுங்கள், அல்லது 'சத்தோயன்'. முதலாவது கண்ணுக்கும் காதுக்கும் கொஞ்சம் விலகும், இரண்டாவது முழுக்க விலகும். சத்யா என்று 'ன்' இல்லாமல் இருந்தால் கவலை வேண்டாம். சத்யா நாதெள்ளா பெயர் ஜப்பானியப் பத்திரிகையில் தினம் வருகிறது, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அகராதி பார்த்தால் போதும் என்று இருக்கக் கூடாது. எழுதிப் பார்த்த கத்தகானாவை அப்படியே ஜப்பானியத் தேடுபொறியில் போட்டுப் படங்கள் பக்கத்தைப் பாருங்கள். பத்து விநாடி வேலை.

#11 கணக்குப்பிள்ளை

சிரிப்பை ஒதுக்கி வைத்துவிட்டு வங்கிக் கதைக்கு வாருங்கள். பெயர் எழுத்து உண்மையில் கடிப்பது அங்கேதான்.

குடியிருப்பு அட்டையில் பாஸ்போர்ட்டில் உள்ள ரோமன் எழுத்துதான் இருக்கும், கத்தகானா இருக்காது. 2012-இல் இந்த அட்டை வந்ததில் இருந்து அப்படித்தான். ஆனால் வங்கிகளுக்கு இடையில் பணம் போகும் முறை கணக்குப் பெயரை அரை அகலக் கத்தகானாவில் வைத்துக்கொள்கிறது. அந்தப் புலத்துக்கு 30 இடம். ஒலிப்பு மாற்றும் இரட்டைப் புள்ளிக்குத் தனி இடம் போகும், பெயருக்கு நடுவில் உள்ள வெற்றிடத்துக்கும் ஒன்று. சிறிய எழுத்துகள் பெரிதாகிவிடும். நீட்டல் கோடு சாதாரண இணைப்புக்கோடாகிவிடும்.

எடுத்துக்காட்டு. பாலசுப்ரமணியன் என்பதை 'பாரசுபுரமனியன்' என்று எழுதினால் 12 இடம். கிருஷ்ணமூர்த்தி என்ற அப்பா பெயருக்கு 10. நடுவில் வெற்றிடம் ஒன்று. மொத்தம் 23, தப்பித்தோம். மூன்றாவதாக ஒரு ஊர்ப் பெயரோ குடும்பப் பெயரோ பாஸ்போர்ட்டில் இருந்தால் 30-ஐத் தாண்டும், வால் வெட்டுப்படும். எந்த இடத்தில் வெட்டுப்பட்டது என்று பாஸ்புக்கைத் திறந்து பார்த்து, அதே வெட்டுப்பட்ட வடிவத்தைச் சம்பளப் பிரிவுக்குக் கொடுக்க வேண்டும். முழுப் பெயரைக் கொடுத்தால் 'பெயர் பொருந்தவில்லை' என்று பணம் திரும்பும்.

'வி' எழுத்தை நம்பும் கவிதாக்களுக்கு: அந்தக் கூட்டில் இரண்டாவது எழுத்து சிறிய 'இ'. வங்கியில் அது பெரிய 'இ' ஆகி 'க-வு-இ-தா' என்று நிற்கும். தப்பில்லை, எல்லாருக்கும் அப்படித்தான். ஆனால் வாடகை நிறுவனமும் செல்பேசி நிறுவனமும் 'கபிதா' என்று வைத்திருந்தால் தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாடு பதிவாகாது. ஒரே வடிவம், கோடு உட்பட, எல்லா இடத்திலும் இருக்க வேண்டும்.

#12 அரைமாத்திரை

மேலே சொன்னதோடு ஒட்டி: 'வி' என்று எழுதினாலும் வாயில் வருவது பெரும்பாலும் 'பி' தான். அவர்கள் பேச்சில் வ/ப வேறுபாடு இல்லை. ஆகவே கவிதாவைப் பூசணத்தில் இருந்து காப்பாற்றுவது 'வி' அல்ல, கடைசி 'தா'வை நீட்டும் கோடு. இரண்டையும் போடுங்கள். ஒன்றுதான் முடியும் என்றால் கோட்டைப் போடுங்கள். கவி என்று மட்டும் பெயர் இருந்தால் 'காவி' என்று முதல் எழுத்தை நீட்டுவதே மேல், மூலத்துக்கு உண்மையாக இல்லாவிட்டாலும்.

#13 முத்திரைமோதிரம்

ஹான்கோ (முத்திரை) செய்கிறவர்கள் கவனிக்க.

நகராட்சியில் பதியும் முத்திரை 8 மி.மீ. சதுரத்தைவிடப் பெரிதாகவும் 25 மி.மீ. சதுரத்துக்குள் அடங்குவதாகவும் இருக்க வேண்டும். கத்தகானா முத்திரையைப் பதிய வேண்டுமானால் அந்தக் கத்தகானா வடிவம் முதலில் உங்கள் குடியிருப்புப் பதிவின் குறிப்புப் பகுதியில் ஏறியிருக்க வேண்டும். முத்திரையை முன்பே செய்துகொண்டு போய் நின்றால் திருப்பி அனுப்புவார்கள். முதலில் கவுண்டரில் பதிவு, பிறகு கடை.

கடையில் நடக்கும் பிழை: முத்திரையில் எழுத்து மேலிருந்து கீழாக ஓடும். அப்போது நீட்டல் கோடும் நிமிர்ந்து நிற்க வேண்டும். இணையத்தில் ஆர்டர் செய்தால் சில சமயம் கோடு படுத்தபடியே வந்துவிடும். படுத்த கோடு 'ஒன்று' என்ற கான்ஜி (சீனத்தில் இருந்து வந்த பொருளெழுத்து) போல இருக்கும். குமாரு 'கு-ம-ஒன்று-ரு' என்று படிக்கப்படும். அச்சு மாதிரி வந்ததும் முதலில் கோட்டைப் பாருங்கள்.

கான்ஜியில் முத்திரை வேண்டும் என்பவர்கள் 'ட்சூஷோ' என்ற வழக்குப் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பெயரை நிஜமாகவே பயன்படுத்துகிறீர்கள் என்பதற்குச் சான்று கேட்பார்கள், ஒருமுறை பதிந்ததை இஷ்டத்துக்கு மாற்றவும் முடியாது. நினைவுப் பொருள் கடையில் செய்த கான்ஜி முத்திரை மேசை அலங்காரத்துக்கு மட்டும்.

#14 வெட்டிப்பேச்சு

கான்ஜியில் நல்ல பொருள் வரும்படி நாமே எழுத்துத் தேர்ந்தெடுக்கலாமே? அப்போது விபத்துக்கே இடமில்லை.

#15 பழங்கப்பல்

முடியும், அதற்கு 'அதேஜி' என்று பெயர். ஆனால் ஒலிக்கும் பொருளுக்கும் நடுவில் கயிற்றின் மேல் நடக்கும் வேலை.

1600-இல் லீஃப்டெ என்ற டச்சுக் கப்பல் கியூஷுவில் ஒதுங்கியது. அதில் வந்த யான் யோஸ்டன் ஜப்பானில் தங்கி ஷோகுனிடம் (படைத்தலைவராக நாட்டை ஆண்டவர்) வேலை பார்த்தார். பெயர் 'யயோசு' ஆகி, அவருக்குக் கொடுத்த இடத்தின் பெயராகி, கடைசியில் 'யயெசு' ஆகி, 'எட்டடுக்கு மணல்திட்டு' என்ற பொருள்தரும் மூன்று எழுத்தில் நின்றது. தோக்கியோ ரயில் நிலையத்தின் கிழக்கு வாசல் இன்றும் யயெசு வாசல். அங்கே மணல்திட்டைத் தேடவேண்டாம்.

பின்லாந்தில் பிறந்த மார்ட்டி துருனன் ஜப்பானியக் குடிமகனாகி 'ட்சுருனென் மருதெய்' ஆனார். ('து' எப்படி 'ட்சு' ஆகிறது என்று மேலே சொன்னதற்கு இது சான்று.) நான்கு கான்ஜி: வில்நாண், எண்ணம், வட்டம், அளித்தல். 2002-இல் ஜப்பான் மேலவை உறுப்பினரானார். ஒவ்வொரு எழுத்தும் தனியாக நன்றாக இருக்கும், சேர்த்துப் படித்தால் பொருள் வராது. பெரும்பாலான அதேஜி அப்படித்தான்.

டோனால்ட் கீன், ஜப்பானிய இலக்கிய அறிஞர், 2012-இல் குடியுரிமை பெற்றபோது பதிந்தது கத்தகானாப் பெயரைத்தான். விளையாட்டாக நான்கு கான்ஜியும் வைத்துக்கொண்டார்: பேய், கோபம், முழக்கம், வாசல். கினு ஆறு, நருதோ நீரிணை என்ற இரண்டு இடப் பெயர்களில் இருந்து எடுத்து 'கீன் தோனருதோ' என்று படிக்கும்படி அடுக்கியது. படிக்கத் தெரிந்தவருக்கு அது நகைச்சுவை, தெரியாதவருக்குப் பேய்ப்படம். அவருக்கு அது தகும், நமக்கு வேண்டாம்.

குடியுரிமை பெறுகிறவர் பயன்படுத்தக்கூடிய கான்ஜிக்கும் எல்லை உண்டு: பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் 2136, பெயர்களுக்கென்று 863. இதற்கு வெளியே இருந்து அழகான எழுத்தைக் கண்டுபிடித்துப் பயனில்லை.

#16 பட்டாணி

குமாருக்கு ஒன்று எழுதிக் காட்டுங்கள்.

#17 பழங்கப்பல்

கு-ம-ரு: 'நெடுங்காலம், உண்மை, தங்குதல்' என்று மூன்று எழுத்து போடலாம். ஜப்பானியர் பெயர்களிலும் புழங்கும் எழுத்துகள், கண்ணுக்கு உறுத்தாது. 'கு'வுக்குத் 'துன்பம்', 'ஷி'க்குச் 'சாவு' என்ற எழுத்துகள் எளிதாகக் கிடைக்கும், தொடாதீர்கள். அந்த மாதிரி எழுத்தை வேண்டுமென்றே அடுக்குவது மோட்டார் சைக்கிள் கும்பல்களின் பாணி. 'யொரொஷிகு' என்ற சாதாரண வணக்கச் சொல்லை 'இரவு, பனித்துளி, சாவு, துன்பம்' என்று முதுகில் எழுதிக்கொண்டு திரிவார்கள். பச்சை குத்தும் கடைப் பட்டியலில் கிடைக்கும் பெயர்கள் பல இந்த ரகம். இன்னொரு சோதனை: எழுதிய கான்ஜியை, ஒலியைச் சொல்லாமல் ஒரு ஜப்பானியரிடம் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் நினைத்த ஒலி வராவிட்டால் வாழ்நாள் முழுக்க விளக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

#18 பனியன்

கனிமொழி என்ற பெயருக்கு? 'ழ' எப்படிப் போகும்?

#19 நிராகீரை

அடடா, இதை விட்டுவிட்டேன். ரோமனில் 'ழ'வுக்கு நாம் போடும் இரண்டெழுத்தைப் பார்த்து அலுவலர் 'ஜி' என்று எழுதுவார். 'கனிமொஜி' என்று வரும். 'கனி' நண்டு, 'மொஜி' எழுத்து. நண்டெழுத்து! நான் இட்டுக்கட்டவில்லை, ஜப்பானிய அகராதியிலேயே இருக்கிற சொல். மேலை எழுத்துகள் நண்டுபோலப் பக்கவாட்டில் நகர்வதால் அவற்றுக்கு வைத்த பழைய பெயர். இன்று பேச்சில் இல்லை, ஆனால் படித்தவர் காதில் பட்டால் சிரித்துவிட்டுப் பெயரை மறக்கவே மாட்டார். மொழி என்ற பெயர் எழுத்து என்று போய் விழுவதில் எனக்கு என்னவோ ஒரு திருப்தி. இதை மாற்றச் சொல்ல மனம் வரவில்லை.

#20 அரைமாத்திரை

ஆனால் ஒலி சரியாக வேண்டுமானால் 'ழ' நாவின் இடத்தில் 'ர'வுக்குத்தான் அருகில். 'கனிமொரி' என்று எழுதலாம். 'மொரி' என்றால் தோப்பு, குடும்பப் பெயராகவும் உண்டு. தமிழ், யாழினி, எழில் எல்லாவற்றுக்கும் இதே விதி: 'ஜ' வேண்டாம், 'ர' போடுங்கள். தமிழ் மொழியையே அவர்கள் 'தமிரு' என்றுதான் எழுதுகிறார்கள்.

இன்னொரு விஷயம், நீளப் பெயர்க்காரர்களுக்கு. நண்பர்கள் பெயரை முதல் இரண்டு மாத்திரைக்குக் குறுக்கி 'ச்சன்' சேர்ப்பார்கள். கனிமொழி எப்படி எழுதினாலும் 'கனிச்சன்', நண்டுக்குட்டி. கோமதியின் முதல் எழுத்தை நீட்டாவிட்டால் 'கொமச்சன்': 'கொம' எள், 'கொமச்சன்' அங்கே பிரபலமான ஒரு கார்ட்டூன் கடல்நாய்க்குட்டியும்கூட. நீட்டி எழுதினால் 'கோச்சன்' ஆகிவிடும். சுசீலா 'சுஷி' என்று தொடங்குவதால் தப்பவே முடியாது. முழுப் பெயரை மட்டும் சோதித்துவிட்டு முதல் இரண்டு மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.

#21 பட்டாணி

முத்து?

#22 மூன்றாம் ஸ்ட்ரைக்

பழைய முறையில் 'முட்சு' ஆகும், அது ஆழ்கடல் மீன். 1998-இல் 'முத்து' படம் ஜப்பானில் ஓடியபோது 'டு' கூட்டெழுத்தைப் போட்டு 'முடு' என்று எழுதினார்கள், நீட்டல் இல்லை, இரட்டிப்பு இல்லை. அதையே வைத்துக்கொள்ளுங்கள். கவுண்டரில் இருப்பவர் ஐம்பதைத் தாண்டியவர் என்றால் தானாகவே சரியாக எழுதுவார்.

#23 கணக்குப்பிள்ளை

எழுதட்டும், ஆனால் அந்த 'டு'வில் உள்ள சிறிய எழுத்து வங்கியில் பெரிதாகி 'மு-தொ-உ' என்று வரும் என்பதையும் சம்பளப் பிரிவுக்குச் சொல்லிவிடுங்கள்.